சாராள் வீட்டு விலாசத்துக்கு வந்த நிலநடுக்கம்

செவ்வாய்க்கிழமை மதியம் கும்மிடிப்பூண்டியில் சாராள் வீட்டுக்கு மட்டும் நிலநடுக்கம் வரும். ஒட்டுச் சுவருக்கு அந்தப் பக்கம் மோனிகா வீட்டில் ஒரு கரண்டிகூட அசையாது. முதல் வாரம் பாத்திரங்கள் உருண்டன, அடுத்த வாரம் டிவி விழுந்தது. மேல்தளம் விரிசல் விட்டு, தூளியில் கிடந்த ஆறு மாதப் பிள்ளையின் மேல் காரை கொட்டியது.

இத்தனைக்கும் நிலநடுக்கம் போடுகிறவளே சாராள்தான். ரயில் பாலங்களுக்கான எஃகுத் தாங்கிகளை மேடையில் பூட்டி உலுக்கிப் பார்க்கும் சிப்காட் கம்பெனி ஒன்றில், செவ்வாய்தோறும் பொத்தானை அழுத்துவது அவள் வேலை. அந்த வருடம் வந்த தாங்கிகள் அதிசயப் பிறவிகள். மேடை பேயாட்டம் ஆடினாலும் அவற்றின் மேல் வைத்த டீ சிந்தாது. மேனேஜர் சுப்பராயன் மீசையைத் தடவிக்கொண்டே சான்றிதழ்களில் கையெழுத்துப் போட்டார்.

வினை பூஜையில் இருந்தது. எலுமிச்சம்பழம் வைத்துக் கற்பூரம் காட்டாமல் எங்கள் பக்கம் எந்த மிஷினையும் தொடமாட்டோம். ஃபோர்மேன் துளசிராமன் திருவள்ளூரில் கோயில் கைங்கரியக் குடும்பம். சங்கல்பத்தில் பெயர், நட்சத்திரம் சொல்லாவிட்டால் அவருக்குத் தூக்கம் வராது. பொத்தானை அழுத்துகிறவள் பெயரைச் சொன்னார். கிறிஸ்தவப் பெண்ணின் நட்சத்திரத்துக்கு எங்கே போவது? அதற்குப் பதிலாக அவள் விலாசத்தை, கதவு எண்ணிலிருந்து பின்கோடு வரை, ராகம் போட்டுச் சொல்லிவிட்டார். நடுக்கமும் தாங்கியை விட்டுவிட்டு, சொன்ன இடத்துக்கு ஒழுங்காகப் போய்ச் சேர்ந்தது. எங்கள் ஊர் கூரியர்கூட இவ்வளவு சரியாக வராது.

பொத்தானை அழுத்திய அதே நேரம் புருஷன் அன்பு வீட்டிலிருந்து போனில் அலறவே, சாராளுக்கு விளங்கிவிட்டது. நேரே மேனேஜர் அறைக்குப் போனாள்.

"இன்னா சார், பூகம்பத்த எங்க ஊட்டுக்கு அனுப்பிக்கினு கீறீங்க? புள்ள மேல காரை கொட்டுது!"

"ரிசல்ட் சூப்பரா வந்துக்கினு இருக்கும்மா. பூச்சு வேலைய கம்பெனி பாத்துக்கும், வுடு."

"நாளைக்குப் பாலத்து மேல ரயில் போறப்போ, எங்க அட்ரஸ யாரு சார் சொல்லிக்கினு நிப்பாங்க?"

சுப்பராயன் அதற்குள் செல்போனை நோண்ட ஆரம்பித்திருந்தார்.

பிள்ளை மேல் காரை விழுந்ததைக் கேட்டதிலிருந்து துளசிராமனுக்குச் சோறு இறங்கவில்லை. அடுத்த செவ்வாய் சங்கல்பத்தில் சுப்பராயன் பெயரையும், ஆவடியில் அவருடைய ஆறாவது மாடி வீட்டையும், பின்கோடு சகிதம் கணீரென்று சொன்னார். சாராள் கர்த்தரை நினைத்துக்கொண்டு பொத்தானை அழுத்தினாள். சுப்பராயனின் போன் அடித்தது. சமையலறை ஃபிரிட்ஜ் ஹாலுக்கு நடந்து வந்துவிட்டதாம். மேனேஜர் பூஜையை மறுபடி போடச் சொன்னார்.

மறுபடி நடந்த பூஜையில் தாங்கியின் பெயரையே சொன்னார்கள். விலாசம், இதே மேடை. ஒரே உலுக்கலில் அது பற்றவைத்த இடத்தில் வாயைப் பிளந்தது. சுப்பராயன் சான்றிதழ்களைத் தன் கையாலேயே கிழித்தார். புதிதாகச் செய்து வந்த தாங்கிகள் நன்றாக ஆடின, ஆனால் உடையவில்லை. பாலத்துக்குப் போனவை அவைதான்.

பழைய விலாசத்தை மறக்காத சில்லறை அதிர்வுகள் மட்டும் இன்றும் செவ்வாய் மதியம் சாராள் வீட்டுக்கு வந்துபோகின்றன. அந்த நேரம் பார்த்துப் பிள்ளையைத் தூளியில் போட்டுவிட்டு, இரவு ஷிப்டு முடித்த அன்பு பக்கத்திலேயே பாய் விரித்துக் குறட்டை விடுகிறான். தூளியை யாரும் ஆட்ட வேண்டியதில்லை.