வள்ளியாத்தாளின் எடை

1983 புரட்டாசியில் ஒரு புதன்கிழமை காலை, பாறையிலிருந்து நாலடி உயரத்தில் சம்மணமிட்டு அமர்ந்திருந்த தன் அப்பாவிடம், அவர் விட்டுவிட்டு வந்த எடையைத் திருப்பி எடுத்துக்கொள்ளச் சொல்லிக் கேட்டாள் வசந்தாமணி. அப்படிக் கேட்கவே கூடாது என்று அவளுக்குப் பத்து வருஷமாகச் சொல்லப்பட்டிருந்தது. சொன்னது போதாதென்று, கரட்டுப் பாறைக்குன்றின் படிகள் முடிகிற இடத்தில் தகரப் பலகை நட்டு, பச்சை பெயின்ட்டில் எழுதியும் வைத்திருந்தார்கள்: 'சாமியிடம் வீட்டு விஷயம் பேசக் கூடாது.' இது ஊரில் எல்லோருக்குமான விதி என்று யாரும் நினைத்துவிட வேண்டாம். மற்றவர்கள் தத்தம் வீட்டு விஷயத்தைத் தாராளமாகப் பேசினார்கள். பெண்ணுக்கு வரன், ரிக் வண்டி துளை போட்ட இடத்தில் தண்ணீர், மைத்துனன் லாரிக்கு பர்மிட் என்று கரட்டின் மேல் நாள் முழுக்க வீட்டு விஷயம்தான் ஓடியது. சாமியின் சொந்த வீட்டு விஷயத்தை மட்டும் பேசக் கூடாது. அந்த வீட்டில் இருந்தது இரண்டே பேர். ஆகவே அந்தப் பலகை இரண்டு பேருக்காக எழுதப்பட்டது. அதில் ஒருத்திக்குப் படிக்கத் தெரியாது.

சாமி ஆவதற்கு முன் அவர் பெயர் சென்னிமலை. நாமக்கல்லுக்கும் திருச்செங்கோட்டுக்கும் நடுவே, மெயின் ரோட்டிலிருந்து நாலு மைல் உள்ளே இருக்கும் கரட்டுப்பாளையத்தில் ஆறு ஏக்கர் காடும் ஒரு கிணறும் உடைய குடியானவர். 1973 கோடையில் ஊர்க் கிணறுகளெல்லாம் வற்றி, அவர் கிணற்றில் மட்டும் முழங்கால் அளவுக்குத் தண்ணீர் ஊறிய ஒரு நாளில், மஞ்சளுக்குத் தண்ணீர் பாய்ந்துகொண்டிருக்கும்போதே மண்வெட்டியை வரப்பில் சாத்திவிட்டு, தனக்குத் தனிமை வேண்டும் என்று சொல்லிக் கரட்டின்மேல் ஏறிப் போனார். யாரிடம் சொன்னார் என்று கேட்டால், வரப்பிடம்தான். அங்கே வேறு யாரும் இல்லை. மஞ்சள் நிரம்பி, வரப்பு உடைந்து, தண்ணீர் இட்டேரிப் பாதையில் ஓடியபோதுதான் அவர் சம்சாரம் வள்ளியாத்தாள் போய் மோட்டாரை நிறுத்தினாள். உலகத்தைத் துறக்கிறவர் போகிற வழியில் ஒரு ஸ்விட்சைத் தட்டிவிட்டுப் போயிருக்கலாம் என்பது வசந்தாமணியின் அபிப்பிராயம். அப்போது அவளுக்குப் பன்னிரண்டு வயது. அபிப்பிராயம் பிற்பாடு வந்ததுதான். அன்றைக்கு அவளும் அழுதாள்.

அடுத்து வந்த தை மாதம் அவர் பாறையைவிட்டு ஒரு விரல் உயர்ந்தார். பங்காளி ராசப்பன் நம்பாமல் ஒரு முறத்தை அவருக்கு அடியில் இந்தப் பக்கம் விட்டு அந்தப் பக்கம் எடுத்தார். தட்டவில்லை. அன்றைக்கே ராசப்பன் சட்டையைக் கழற்றிவிட்டுக் காவித் துண்டு போர்த்திக்கொண்டார். அதே காலையில், கீழே வீட்டில், வள்ளியாத்தாள் படுத்திருந்த கயிற்றுக் கட்டில் அறுந்து விழுந்தது. கயிறு பழசு என்று சொன்னார்கள். புதுக்கயிறு போட்டுப் பின்னிய கட்டில் மாசியில் அறுந்தது. பங்குனியில் கட்டிலின் கால் ஒடிந்தது. சித்திரையில் அவர் ஒரு சாண் உயர்ந்தபோது, வள்ளியாத்தாள் வாசற்படியில் கால் வைக்க, படிக்கல் இரண்டாகப் பிளந்தது. அவள் உடம்பில் சதை ஒன்றும் கூடவில்லை. கை மூங்கில் கழி மாதிரி அப்படியேதான் இருந்தது. கடலைக்காய் மண்டியில் ஒரு தடவை யாரோ விளையாட்டுக்குத் தராசில் ஏற்றினார்கள். நூற்றிப் பன்னிரண்டு கிலோ காட்டியது. தராசு கெட்டுவிட்டது என்று மண்டிக்காரர் வேறு தராசு வாங்கினார். அதுவும் நூற்றிப் பன்னிரண்டு காட்டியது.

வந்து கும்பிட்டவர்களுக்குக் கரட்டுச்சாமியிடம் ஒரு பலன் கைமேல் கிடைத்தது. முழங்கால் வலியோடு படியேறியவர்கள் இறங்கும்போது ஆட்டுக்குட்டி மாதிரி இறங்கினார்கள். ஆளுக்கு மூன்று கிலோ, நாலு கிலோ என்று உடம்பில் குறைந்திருந்தது. மேச்சேரிப் பக்கமிருந்து வந்த ஆட்டு வியாபாரி ஒருவர் ஒன்பது கிலோ குறைந்து, வேட்டியைப் பிடித்துக்கொண்டே வீடு போய்ச் சேர்ந்தார். குறைந்தது எங்கே போயிற்று என்று ஒருவரும் கேட்கவில்லை. வசந்தாமணி சேலத்தில் ஹாஸ்டலில் தங்கி, அந்த வீட்டிலிருந்து முதன்முதலாக பி.எஸ்.சி. படித்தாள், அதுவும் இயற்பியல். ஓரிடத்தில் குறைந்தது இன்னோரிடத்தில் இருந்தே தீரும் என்று தெரிந்துகொள்ள அவ்வளவு தூரம் போயிருக்க வேண்டியதில்லை. விடுமுறைக்கு வரும்போதெல்லாம் அம்மா நடந்த தடம் தோட்டத்து மண்ணில் இன்னும் ஒரு விரல் ஆழமாய்ப் பதிந்திருந்தது. அம்மாவிடம் சொன்னபோது வள்ளியாத்தாள் எருமைக்குச் சோளத்தட்டு அள்ளிப் போட்டுக்கொண்டே, "அவரு மேல ஏறுனா நான் கீழதான் எறங்கோணும். தராசுக்கு வேறென்ன வேலை?" என்றாள்.

ஊர் அவளை ஒரு மாதிரி வைத்திருந்தது. கல்யாணங்களில் தாலியைத் தொட்டுக் கும்பிடும் பெண்களோடு அவளை நிற்க வைப்பதா, ஒதுக்குவதா என்று யாருக்கும் தீர்மானம் இல்லை. புருஷன் இருக்கிறான், ஆனால் தரையில் இல்லை. எதற்கு வம்பு என்று கூப்பிடுவதையே விட்டுவிட்டார்கள். வேறு காரியங்களுக்குக் கூப்பிட்டார்கள். அறுப்புக்கு முன்னால் களம் இறுக வேண்டுமென்றால் வள்ளியாத்தாளை நடக்கவிட்டார்கள். கல்லுருளை வைத்து இரண்டு நாள் இழுக்கிற வேலையை அவள் வெறுங்காலில் அரை நாளில் முடித்தாள். 1980இல் ஊருக்கு ஜல்லி ரோடு போட்டபோது ரோலர் வர இன்னும் பத்து நாள் ஆகும் என்றார்கள். பஞ்சாயத்தில் பேசி, வள்ளியாத்தாளை விநாயகன் கோயிலிலிருந்து பள்ளிக்கூடம் வரை முன்னும் பின்னும் நடக்கவைத்தார்கள். இன்றைக்கும் அந்த ரோட்டில் குழி விழுந்ததில்லை. அந்த ரோட்டின் வழியாகத்தான் வெளியூர்க் கார்கள் கரட்டுச்சாமியைப் பார்க்க வந்தன. சாமியின் அருளால் ரோடு வந்தது என்று ராசப்பன் எல்லோரிடமும் சொன்னார்.

1982 ஐப்பசி மழையில் வள்ளியாத்தாள் கடலைக்காட்டில் இடுப்பு வரை இறங்கிவிட்டாள். கத்தவில்லை. எதிர்க்காட்டில் கரண்டு போயிற்றா என்று பார்க்க வந்தவன் பார்த்துச் சொல்லி, லாரிச் சங்கிலி போட்டு இழுத்து எடுத்தார்கள். அதற்குப் பிறகு வீட்டு மண்தரையே அவளை விழுங்க ஆரம்பித்தது. விடிகாலையில் அவள் படுத்த இடத்தில் தொட்டி போல் ஒரு பள்ளம் இருக்கும். அடுத்த ஐப்பசிக்கு அவள் முழுசாக உள்ளே போய்விடுவாள் என்பது கணக்குப் போடாமலே தெரிந்தது. அந்த வட்டாரத்தில் அவளைத் தாங்கக்கூடிய ஒரே பாறை கரடுதான். அங்கே சம்சாரம் ஏறினால் சாமியின் தவம் கலையும் என்றார் ராசப்பன்.

வசந்தாமணி அம்மாவை மெயின் ரோட்டில் லாரிகள் எடை போடும் மேடைக்கு நடத்திக் கூட்டிப்போனாள். நாலு மைல். மேடைக்காரர் வள்ளியாத்தாளை ஒரு தடவை பார்த்தார், முள்ளை இரண்டு தடவை பார்த்தார், பிறகு சீட்டு எழுதினார்: இரண்டு டன் முந்நூற்று நாற்பது கிலோ, சரக்கு என்ற இடத்தில், பெண் ஒன்று. அதே நேரத்தில் கரட்டின் மேல் வேறொன்று நடந்தது. ஆடிக் காற்றில் ஓடு பறந்த நாளில்கூட இம்மி அசையாத சாமி, அன்றைக்குக் காற்றே இல்லாத காலையில் ஒரு ஆள் தூரம் மெயின் ரோட்டுப் பக்கமாக இழுபட்டுப்போய், வேலமரத்தில் தலையை இடித்துக்கொண்டார். வள்ளியாத்தாள் வீடு திரும்பியதும் அவரும் பழைய இடத்துக்குத் திரும்பினார். யோகத்தில் இது அடுத்த படி என்று ராசப்பன் சொன்னார். சாமியோ நெற்றிப் புடைப்பைத் தடவிக்கொண்டு, கீழே தன் வீடு இருக்கும் திக்கையே வெகுநேரம் பார்த்தார். பத்து வருஷத்தில் அவர் அந்தப் பக்கம் பார்த்தது அதுதான் முதல் தடவை.

புரட்டாசி முதல் வாரத்தில் வசந்தாமணிக்கு உத்தரவு வந்தது. ஐம்பது மைலுக்கு அப்பால் கெங்கவல்லியில் யூனியன் ஆபீஸில் இளநிலை உதவியாளர் வேலை. அவள் பஸ் ஏறிப்போய் வேலையில் சேரும் தேதியைச் சொல்லிவிட்டு, மலையடியில் ஒரு வீடும் பார்த்துவிட்டு வந்தாள். வாடகைக்கு விட்டவர் தயங்கித் தயங்கி, வீடு மொத்தமும் பாறைமேல் நிற்கிறது, ஒரு முருங்கை வைக்கக்கூடக் குழி தோண்ட முடியாது என்று குறை சொன்னார். அந்தக் குறைக்காகவே அவள் அந்த வீட்டைப் பிடித்தாள். பஸ் தாங்காது என்று வள்ளியாத்தாள் சொன்னாள். பஸ் எதற்கு, இது நாமக்கல் சீமை, பத்து டன் இழுக்கிற லாரி வீட்டுக்கு வீடு நிற்கிறது என்றாள் மகள். லாரியில் ஜல்லி லோடு அடிக்கும் சடையனிடம் பேசி முடித்தாயிற்று. வள்ளியாத்தாள் ஒன்றே ஒன்று கேட்டாள். "அவருகிட்ட ஒரு வார்த்த கேட்டுப்போட்டு வந்துரு கண்ணு. கேக்காம கூட்டீட்டுப் போயிட்டாள்னு பின்னால ஒரு பேச்சு வரக்கூடாது."

அதனால்தான் அந்தப் புதன்கிழமை அவள் அறுபது படி ஏறி, பலகையைத் தாண்டி, கேட்டாள். முழுசாக வேண்டாம், பாதியை எடுத்துக்கொண்டாலும் போதும் என்றாள். சுற்றி உட்கார்ந்திருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். ராசப்பன் எழுந்து வந்தார்.

"படிச்ச புள்ள நீ. போர்டப் படிக்கலியா அம்மிணி?"

"படிச்சனுங்க சித்தப்பா. பெயின்ட்டு நல்லாருக்குது."

சென்னிமலை கண்ணைத் திறந்தார். தாடி நாபி வரை இருந்தது. முகத்தில் ஒரு சுருக்கம் இல்லை. அதுவும் எங்கே போயிற்று என்று வசந்தாமணிக்குத் தெரியும். கனமெல்லாம் மனசில் இருப்பது, மனசை விட்டால் கனமும் விட்டுப்போகும் என்று அவர் நிதானமாகச் சொன்னார். பின்னால் இருந்தவர்கள் கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள்.

"ரெண்டு டன் முன்னூத்தி நாப்பதுன்னு சீட்டு வெச்சிருக்கறனுங்க. அது ஆரோட மனசுங்கப்பா?"

"நான் ஆருக்கு என்ன தொந்தரவு குடுத்தேன் அம்மிணி? ஒரு வாய்ச் சோறு கேட்டனா, ஒரு துணி கேட்டனா? நாம்பாட்டுக்குத் தனியா இருக்கறேன்."

"நீங்க ஒரு நாளாச்சும் தனியா இருந்திருக்கறீங்களா? கீழ ஒருத்தி உங்களப் புடிச்சுட்டு நிக்கறா. அவ நின்னாத்தான் நீங்க ஒக்காந்திருக்க முடியும்."

ராசப்பன் அவள் கையைப் பிடிக்க வந்தார். அவள் பார்த்த பார்வையில் கையைத் துண்டுக்குள் விட்டுக்கொண்டார். பத்து வருஷமாக இங்கே உட்கார்ந்து என்ன கண்டீர்கள் என்று அவள் அப்பாவைக் கேட்டாள். கேலியாகத்தான் கேட்க நினைத்தாள், ஆனால் கேட்டபோது நிஜமாகவே தெரிந்துகொள்ள வேண்டும் போலிருந்தது. பதின்மூன்று வயதில் செவ்வரளிப் பூ கட்டிக்கொண்டு இதே படி ஏறியவள்தான் அவளும். எதாவது பெரிதாக ஒன்று அவர் கண்டிருந்தால், அம்மாவின் கால்களுக்கு அதில் பாதி நியாயமாவது கிடைத்திருக்கும்.

அவர் யோசித்தார். "எதுவுமே நம்முளது இல்லைன்னு கண்டேன்," என்றார்.

"அத எங்கம்மா மோட்டாரு நிறுத்தப் போன அன்னிக்கே கண்டுட்டாளுங்க," என்றாள் வசந்தாமணி. "அவளுக்கு ஒரு மத்தியானம்கூட ஆகல."

எடையை எடுத்துக்கொள்வதைப் பற்றி அவர் வாயே திறக்கவில்லை. அவள் எதிர்பார்த்ததுதான். செருப்பை மாட்டிக்கொண்டு படிக்குத் திரும்பினாள். கீழே களத்து மேட்டில் லாரியைப் பின்பக்கமாக ஒட்டி நிறுத்தி, வள்ளியாத்தாள் யார் உதவியும் இல்லாமல் நடந்து ஏறி, நட்ட நடுவில் உட்கார்ந்திருப்பது அங்கிருந்தே தெரிந்தது. எருமையையும் ஏற்றியாயிற்று. லாரியின் ஸ்பிரிங் பட்டை நன்றாக இறங்கியிருந்தது. சென்னிமலைக்கும் அது தெரிந்திருக்க வேண்டும், நாலடி கூடுதல் உயரத்தில் இருக்கிறவர். பத்து வருஷமாகக் கட்டியிருந்த சம்மணம் கலைந்து, ஒரு கால் தொங்கியது. பாறையைத் தேடிக் கட்டைவிரல் நீண்டது. எட்டவில்லை.

"அம்மிணி," என்றார் அவர். "உங்கம்மா அங்கயேதான இருப்பா? எங்கயும் போறதில்லையே?"

குரலில் சாமி இல்லை. மஞ்சள் பாய்ச்சிய சென்னிமலைதான் இருந்தார். அவள் நின்றாள். கோபம் இருந்தது, பரிதாபம்கூடக் கொஞ்சம் இருந்தது, இரண்டையும் காட்டவில்லை. பச்சை எழுத்துப் பலகையை விரலால் தட்டிக் காட்டினாள்.

"ஊட்டுப் பேச்சு இங்க பேசக்கூடாதுங்கப்பா," என்று சொல்லிவிட்டு இறங்கினாள்.

அறுபது படியிலும் அவள் திரும்பிப் பார்க்கவில்லை. மேலே ராசப்பன், சாமியை வேலமரத்தோடு கட்ட, யாரையோ கிணற்றுக் கயிறு எடுத்துவர விரட்டுவது கேட்டது. சடையன் பின் டயர்களை ஒவ்வொன்றாக உதைத்துப் பார்த்துவிட்டு, அவளைப் பார்த்து, தாங்கும் என்று தலையாட்டினார்.