வீடுதான் மாதிரி

இதில் எல்லாம் எனக்குச் சரியாக நினைவிருக்கிறது என்று சத்தியம் செய்ய மாட்டேன். பெஞ்சுகளைத் தூக்கிக்கொண்டு ஒரு கூட்டமே தெருவைக் கடந்த அன்று தூறல் விழுந்ததாக எனக்குத் தோன்றுகிறது. மண்டையைப் பிளக்கும் வெயில் என்று அடித்துச் சொல்பவர்களும் இருக்கிறார்கள். கடைசியில் பார்வையிட வந்த அதிகாரி சிரித்தாரா, இருமினாரா என்ற சண்டையும் இன்னும் தீர்ந்தபாடில்லை. ஆனால் அந்தச் சின்னப் பெண் சொன்ன பதில் மட்டும் யார் வாயில் கேட்டாலும் ஒரு எழுத்துப் பிசகாமல் வருகிறது. அந்தத் தைரியத்தில்தான் சொல்கிறேன்.

சாவியக்காவுக்கு அந்தப் பெயர் இடுப்பில் தொங்கிய கொத்தால் வந்தது. பள்ளிக்கூடத்துக்கு எதிரே எழும்பிய அடுக்குமாடிகளில் வீடு விற்கும் வேலை அவளுக்கு. எந்த வீட்டைக் காட்டச் சொன்னாலும் கொத்தைப் பார்க்காமலே சரியான சாவியை விரல் எடுத்துவிடும். வாங்க வருகிறவர்களைக் கடைசியாகப் பால்கனிக்கு அழைத்துப் போவாள். எதிரே பள்ளிக்கூட மைதானம் தெரியும். "இங்கே நின்னு கூப்பிட்டா உங்க பிள்ளை வகுப்புல இருந்து திரும்பிப் பார்க்கும்" என்பாள். அந்த ஒரு வரியில் பாதிப் பேர் முன்பணம் கட்டிவிட்டார்கள்.

அப்படி வந்தவர்களின் பிள்ளைகள் எல்லாரும் அந்தப் பள்ளிக்கூடத்துக்குத்தானே போக வேண்டும்? போனார்கள். கட்டடம் கட்ட வந்த கொத்தனார்கள், கம்பி கட்டுகிறவர்கள், வண்டியோட்டிகள், அவர்கள் வீட்டுப் பிள்ளைகளும் போனார்கள். பழைய தெருப் பிள்ளைகள் ஏற்கெனவே இருந்தார்கள். பள்ளிக்கூடம் மட்டும் அதே அளவில் இருந்தது. மாடிப்படிக்குக் கீழே ஒரு வகுப்பு நடந்தது. விளையாட்டுச் சாமான் அறையில், பந்து வலைகளுக்கு நடுவே இன்னொன்று. இரண்டு பேர் உட்காரும் பெஞ்சில் நான்கு பேர். முழங்கை இடிப்பதால் இருவர் எழுதும்போது இருவர் கையைக் கட்டிக்கொண்டு காத்திருப்பார்கள், பிறகு முறை மாறும்.

அந்த வகுப்புகளில் ஏழெட்டு மொழி புழங்கியது. பிள்ளைகள் ஒருவரிடமிருந்து ஒருவர் முதலில் கற்றுக்கொண்டது வணக்கமும் இல்லை, வசவும் இல்லை. 'தள்ளி உட்காரு' என்பதைத்தான். புதுப் பிள்ளை ஒன்று வாசலில் வந்து நின்றால் போதும், எல்லா மொழியிலும் அந்தச் சொல் ஓடி, வரிசை முழுவதும் ஒரு சாண் நகர்ந்து, எங்கோ ஒரு ஓரத்தில் இடம் பிறந்துவிடும்.

சாவியக்காவின் மகள் அப்படி இடம் கிடைத்தவர்களில் கிட்டத்தட்டக் கடைசி. சாவியக்காவின் கணவன் தூர தேசத்து வேலையில் இருந்தான். அம்மாவும் மகளும் மட்டும்தான். வேலை மாறி, வீடு மாறி வந்ததில் அந்தப் பெண் பேச்சையே விட்டிருந்தது. டீச்சர் கேட்டால் தரையைப் பார்க்கும், அம்மா கேட்டால் ஜன்னலைப் பார்க்கும். பிறகு ஒருநாள் பள்ளிக்கூடம் விட்டு வந்து, பையைக் கழற்றாமலே, "அம்மா, அவ பேசறது எனக்குப் புரியுது" என்றது. அவள் என்றால் பக்கத்தில் உட்காரும் கொத்தனார் மகள். வேற்று மொழிக்காரி. இருவரும் கலந்து பேசிய பாஷை மூன்றாவது ஆளுக்குப் புரியாது. அன்றிலிருந்து வீட்டில் வாய் ஓயவில்லை. சாவியக்கா சமையலறையில் திரும்பி நின்றுகொண்டு, அழுகிறாளா வெங்காயம் நறுக்குகிறாளா என்று தெரியாதபடி கேட்டுக்கொண்டிருப்பாள்.

அப்போதுதான் பெற்றோரைக் கூப்பிட்டார்கள்.

மைதானத்தில் நின்றபடியே கூட்டம் நடந்தது, உட்கார நாற்காலி ஏது? தலைமையாசிரியை, எல்லாருக்கும் அவர் பெரிய டீச்சர், சுற்றி வளைக்காமல் சொன்னார்: "மேலிடத்துல இருந்து வந்து பார்த்துட்டுப் போயிட்டாங்க. இப்படி அடைச்சு வைக்கக் கூடாதாம். திங்கட்கிழமைக்குள்ள வேற இடம் காட்டினா கூடுதலா டீச்சர் தர்றாங்க. இல்லைன்னா கடைசியாச் சேர்ந்த பிள்ளைங்களை நெடுஞ்சாலைக்கு அந்தப் பக்கம் இருக்கிற பள்ளிக்கூடத்துக்கு மாத்தணும்."

சாவியக்காவின் மகளும் அந்தக் கடைசிப் பிள்ளைகளில் ஒருத்தி. நெடுஞ்சாலையைத் தாண்டி மகளைக் கொண்டுபோய் விட, கூட்டிவர யார்? அதுகூடப் பரவாயில்லை. இன்னொரு பள்ளிக்கூடம், இன்னொரு பெஞ்சு, மறுபடியும் அந்த ஜன்னல் பார்வை. அதை நினைக்கத்தான் முடியவில்லை.

"நியாயம்தானே டீச்சர்" என்றார் டெய்லர். பழைய தெருவின் முனையில் கடை வைத்திருப்பவர், பேச ஆரம்பித்தால் தையல் மெஷின் தோற்கும். "பஸ்ல கடைசியா ஏறினவன்தானே நிக்கணும்? என் பொண்ணு பெஞ்சு ஓரத்துல ஒரு காலை வெளியில போட்டுத்தான் உக்காருது. ஒரு செருப்பு மட்டும் தேயுது. கடையில போய் ஒத்தைச் செருப்பு கேட்டா குடுப்பானா?"

எல்லாரும் சிரித்தார்கள். சிரிக்கும் கூட்டத்துக்கு முன்னால் டெய்லரால் நிறுத்த முடியாது.

"கூட்டம் தானா வந்துச்சா? கூட்டிட்டு வந்தவங்க இதோ நிக்கறாங்க. ஏங்க சாவியக்கா, பால்கனியில நின்னு கூப்பிட்டா பிள்ளை திரும்பிப் பார்க்கும்னு சொன்னீங்களே, இப்போ எப்படித் திரும்பும்? கழுத்தைத் திருப்ப இடம் வேணாமா?"

"பேசு மாமா, பேசு" என்று பின்னாலிருந்து யாரோ எடுத்துக்கொடுத்தார்கள். கொத்தனார் மட்டும் சிரிக்கவில்லை. அவருக்குப் பாதி புரிந்திருக்கும், அந்தப் பாதி போதுமானதாக இருந்தது.

மனிதர் சொன்னது பொய்யா? சாவியக்கா முகத்தில் ஈயாடவில்லை. கூட்டமும் மெல்ல அடங்கியது. அவள் கை பழக்கத்தில் இடுப்புக்குப் போனது. கொத்தைப் பார்க்காமலே ஒரு சாவியைப் பிரித்தெடுத்தது. சிவப்பு நூல் கட்டிய சாவி.

"என்கிட்ட ஒரு வீடு இருக்கு" என்றாள்.

"உங்ககிட்ட எல்லா வீடும்தான் இருக்கு" என்றார் டெய்லர்.

"யாரும் குடிவராத வீடு. கீழ்த்தளம். ஒரு கூடம், மூணு அறை. மாதிரி வீடு."

வாங்க வருகிறவர்களுக்குக் காட்டுவதற்கென்று ஜோடித்து வைத்த வீடு அது. அநேகமாக எல்லாம் விற்றுத் தீர்ந்துவிட்டதால் பல மாதமாகப் பூட்டிக் கிடந்தது. பெரிய டீச்சர் சாவியைப் பார்த்தார், அவளைப் பார்த்தார். "உங்க முதலாளி ஒத்துக்குவாரா?"

முதலாளியிடம் எப்படிப் பேச வேண்டும் என்று அவளுக்குத் தெரியும். ஓரமாகப் போய்ப் போன் போட்டாள். கூட்டம் மூச்சைப் பிடித்துக்கொண்டு காதை நீட்டியது.

"சார், மிச்சம் இருக்கிற வீடு ஏன் போகலைன்னு கேட்டீங்கல்ல? பள்ளிக்கூடத்துல இடம் இல்லைன்னு வெளியில பேச ஆரம்பிச்சுட்டாங்க சார். ...ஆமா சார். ...அதான், பள்ளிக்கூடம் எதிர்ல இருக்குன்னு சொல்றதுக்குப் பதிலா கீழேயே இருக்குன்னு சொல்லலாம்ல? ...இல்ல சார், சோபாவுல கறை படாது. பட்டா என்னைக் கேளுங்க."

திரும்பி வந்து தலையை ஆட்டினாள். அவ்வளவுதான், மைதானம் அதிர்ந்தது. என்னவோ தேர் வடம் பிடிக்கிற மாதிரி ஆளாளுக்கு ஓடினார்கள்.

ஞாயிற்றுக்கிழமை பெஞ்சுகள் தெருவைக் கடந்தன. முன்னால் நான்கு பேர் வண்டிகளை நிறுத்த, பின்னால் அப்பாக்களும் அம்மாக்களும் பிள்ளைகளும், எறும்பு அரிசி தூக்குவது போல. "மெல்ல, மெல்ல, கால்! என் கால்!" "உன் காலை எவன்டா இங்கே வைக்கச் சொன்னான்?" பல மொழியில் ஒரே கத்தல். டெய்லரும் வந்திருந்தார். வேடிக்கை பார்க்க மட்டும் வந்ததாகச் சொல்லிக்கொண்டே ஒரு கரும்பலகையின் மறுமுனையைப் பிடித்திருந்தார்.

உள்ளே போன பிள்ளைகளுக்குத் தலைகால் புரியவில்லை. சுவரில் பெரிய டிவி, தட்டினால் அட்டை. அலமாரி நிறையப் புத்தகம், எடுத்தால் காலிப் பெட்டி. மேஜைமேல் தட்டு நிறையப் பழம். ஒருவன் ஆசையாக ஆப்பிளைக் கடித்து, பிளாஸ்டிக்கில் பல் பதிய, "இந்த வீட்டுல எல்லாமே பொய்யா?" என்று அலறினான். அதோடு வகுப்பே அந்த வீட்டின் பொய்களைக் கண்டுபிடிக்கக் கிளம்பிவிட்டது. கட்டில் வெறும் பலகைப் பெட்டி. கடிகாரம் எப்போதும் பத்தே பத்து.

குழாயைத் திறந்தது கொத்தனார் மகள். காற்றுதான் வந்தது.

சாவியக்கா நெற்றியில் அடித்துக்கொண்டாள். மாதிரி வீட்டில் குழாய் பளபளவென்று இருக்கும், தண்ணீர் இணைப்பு கிடையாது. எத்தனையோ பேருக்கு அந்தக் குழாயைக் கை நீட்டிக் காட்டியவள், அதைத் திறந்து பார்த்ததே இல்லை. இத்தனை பிள்ளைகள், தண்ணீர் இல்லாத கழிவறை. விடிந்தால் திங்கட்கிழமை.

"அடப்பாவமே" என்றார் டெய்லர். இம்முறை அவர் குரலில் கேலி இல்லை.

கொத்தனார் சட்டைக் கையை மடித்துவிட்டுச் சுவருக்குப் பின்னால் போனார். டெய்லர் விளக்குப் பிடித்தார். இருவருக்கும் பொதுவாக ஒரு மொழி கிடையாது. "அது இல்ல, இது, இது!" "ஆங், ஆங்!" என்ற சத்தம் மட்டும் வந்துகொண்டிருந்தது. பொழுது சாய்வதற்குள் குழாய் ஒருமுறை இருமி, சிவப்பாய்த் துப்பி, பிறகு தெளிந்து கொட்டியது. பிள்ளைகள் போட்ட கூச்சலில் மேல்மாடிக்காரர்கள் பால்கனிக்கு வந்து எட்டிப் பார்த்தார்கள். நனைந்த சட்டையோடு வெளியே வந்த டெய்லர், கூடத்தை இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை கண்ணால் அளந்து, "ரெண்டு வகுப்புச் சத்தமும் கலக்கும். நடுவுல கனமா ஒரு தடுப்புத் துணி போடணும்" என்றார். மறுநாள் காலை துணி தொங்கியது.

இதற்கிடையில் பெரிய டீச்சர் மேலிடத்துக்குப் போனில் தகவல் சொல்லியிருந்தார். மாதிரி வீட்டில் பள்ளி நடத்துகிறோம், வந்து பார்த்து அனுமதி தர வேண்டும் என்றுதான் சொன்னார். எடுத்தவர் இன்னொருவரிடம் சொல்ல, அவர் மேலே சொல்ல, நடுவில் 'வீடு' எங்கோ விழுந்துவிட்டது. கல்வி அதிகாரி காதுக்குப் போய்ச் சேர்ந்தது 'மாதிரிப் பள்ளி நடத்துகிறார்கள்' என்பது. இத்தனை நெருக்கடியில் மற்றவர்கள் பார்த்துப் பின்பற்றும்படி ஒரு மாதிரிப் பள்ளியா? அவர் குஷியாகிவிட்டார். தனியாக வரவில்லை, கற்றுக்கொள்ளட்டும் என்று வேறு இரண்டு தலைமையாசிரியர்களையும் காரில் ஏற்றிக்கொண்டு வந்தார்.

"மாதிரிப் பள்ளி எங்கே?" என்று அவர் கேட்டபோதுதான் பெரிய டீச்சருக்கு விஷயம் உறைத்தது. திருத்தலாமா, விடலாமா என்று தயங்குவதற்குள் அவர் உள்ளே நுழைந்துவிட்டார். சாவியக்கா தடுப்புத் துணிக்குப் பின்னால் நின்றாள். இந்த மனிதர் உதட்டைப் பிதுக்கினால் மகள் நெடுஞ்சாலையைத் தாண்ட வேண்டும். சாவிக்கொத்து குலுங்காமல் இருக்க இறுக்கிப் பிடித்துக்கொண்டாள்.

அதிகாரி சுற்றிப் பார்த்தார். "அடடே, நூலகம்கூட இருக்கு!" என்று ஒரு புத்தகத்தை உருவினார். காலிப் பெட்டி. தட்டில் இருந்த ஆப்பிளை எடுத்தார். பல் தடம். டிவியைப் பார்த்தார். கடிகாரத்தைப் பார்த்தார், தன் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். கூட வந்த இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"என்னம்மா இது" என்று அவர் முன்வரிசையில் இருந்த பெண்ணிடம் கேட்டார். "இதுவா மாதிரிப் பள்ளி? பள்ளிக்கூடம் மாதிரின்னு சொல்லுங்க."

அந்தப் பெண் சாவியக்காவின் மகள். டீச்சர் கேட்டால் தரையைப் பார்க்கும் பெண். இப்போதும் தரையைத்தான் பார்த்தது. பக்கத்தில் கொத்தனார் மகள் முழங்கையால் ஒரு இடி இடித்தாள். பெண் எழுந்து நின்றது.

"இல்ல சார். வீடுதான் மாதிரி. பள்ளிக்கூடம் நிஜம்."

துணிக்குப் பின்னால் சாவிக்கொத்து கையிலிருந்து நழுவித் தரையில் விழுந்தது. அந்தச் சத்தத்தோடுதான் அதிகாரி சிரித்தார், அல்லது இருமினார். பிறகு, "சரி, பாடத்தை நடத்துங்க, கேட்கிறேன்" என்று உட்கார இடம் தேடினார். நாற்காலி இல்லை, சோபா நிறையப் பிள்ளைகள். கொத்தனார் மகள் தன் மொழியில் அந்தச் சொல்லைச் சொன்னாள். பின்வரிசையில் ஒருவன் தன் மொழியில் சொன்னான். டெய்லர் மகள் மூன்றாவது மொழியில் அதட்டலாகச் சொன்னாள். வரிசை ஒரு சாண் நகர்ந்தது. பெஞ்சு ஓரத்தில் இடம் பிறந்தது. அதிகாரி ஒரு காலை வெளியே போட்டு உட்கார்ந்தார். பாடம் முடியும்வரை எழுந்திருக்கவில்லை.

போகும்போது, "யாரையும் மாத்த வேண்டாம்" என்றார். "தண்ணி வருதா?"

"வருது சார்!" என்று மொத்த வீடும் கத்தியது.

பள்ளிக்கூடத்துக்கு மேல்மாடி கட்டி முடியும்வரை வகுப்பு அங்கேயே நடந்தது. கட்டியவர்களில் கொத்தனாரும் ஒருவர். அவர் அடுத்த ஊர் வேலைக்குப் போனபோதும் குடும்பம் இங்கேயே தங்கிவிட்டது. பெரிய டீச்சர் ஓய்வு பெற்றுவிட்டார். டெய்லர் பள்ளிச் சீருடை தைக்கிறார், வாய் குறையவில்லை. அதிகாரி வேறு ஊருக்கு மாற்றலாகிப் போனார். முதலாளி சோபாவைத் திரும்பக் கேட்கவில்லை, கேட்கிற நிலையில் அது இல்லை. மாதிரி வீட்டை வாங்கியது சாவியக்காதான். தவணை இன்னும் கட்டுகிறாள். கடிகாரத்துக்குள் மெஷினே கிடையாதென்று தெரிந்து அதைக் கழற்றிப் போட்டுவிட்டாள். இரண்டு பெண்களும் ஒரே பெஞ்சில் படித்து முடித்து, ஆளுக்கொரு வேலையில் இருக்கிறார்கள். போனில் அவர்கள் பேசுவது இன்றுவரை மற்ற யாருக்கும் புரிவதில்லை.