முந்தி விழுந்த பொறி

மச்சானின் வலது மணிக்கட்டு முறிந்து மூன்று வாரம் ஆகியிருந்தது. கட்டுப் போட்ட கையை மார்போடு அணைத்தபடி அவர் கொட்டகை வாசலில் நாற்காலி போட்டு அமர்ந்திருந்தார். உள்ளே அவருடைய தங்கையின் கணவனான மெக்கானிக், பழைய பெட்ரோல் டிராக்டரைத் திறந்து வைத்துக்கொண்டு நின்றான். அதை விலைக்குக் கேட்டு மாலையில் ஓர் ஆள் வரவிருந்தார். அவர் கண்முன்னே வண்டி ஒரே சுற்றில் கிளம்பியாக வேண்டும்.

விற்பதற்குக் காரணம் வண்டியன்று, கைதான். முன்பக்கத்தில் இரும்புக் கம்பியைச் செருகிச் சுழற்றியே முப்பது ஆண்டுகளாக அவர் அதைக் கிளப்பிவந்தார். மூன்று வாரத்துக்கு முன் ஒரு காலையில் அந்தக் கம்பி திருப்பி அடித்துவிட்டது. அவர் மருத்துவமனையிலிருந்து வீடு வந்து சேர்ந்ததும், யாரும் கேட்காமலேயே மெக்கானிக் தீர்ப்புச் சொன்னான். கட்டைவிரலைக் கம்பியைச் சுற்றி மடக்கியிருப்பார், மற்ற விரல்களோடு ஒரே பக்கமாக வைத்திருந்தால் கம்பி கையை விட்டு நழுவியிருக்கும் என்று, தன் மனைவி, மச்சானின் மனைவி, மகள் ஆகிய மூவர் முன்னிலையிலும் விரலை மடக்கிக் காட்டி விளக்கினான். வயதானால் ஒதுங்கிக்கொள்ள வேண்டியதுதான் என்று மச்சானின் மனைவியும் சொல்லிவிட்டார். மச்சான் மறுக்கவில்லை. எப்படிப் பிடித்தோம் என்பது அவருக்கே நிச்சயமாக நினைவில்லை. அடுத்த வாரமே வண்டியை விற்றுவிடவும் நிலத்தைக் குத்தகைக்கு விடவும் முடிவு செய்தார்.

இன்ஜின் இலகுவாகச் சுற்ற, மெக்கானிக் ஸ்பார்க் பிளக்குகளைக் கழற்றினான். ஒரு சிறு பல்பின் ஒரு முனையை, பிளக்குகளுக்கு மின்சாரத்தைப் பங்கிடும் டிஸ்ட்ரிபியூட்டரிலும் மறுமுனையை இன்ஜினின் உடம்பிலும் இணைத்தான். உள்ளே பாயிண்ட் எனப்படும் இரு தொடுமுனைகள் விலகும் கணத்தில் பல்பு எரியும். பெட்ரோலைப் பற்றவைக்கும் பொறி விழுவதும் அந்தக் கணத்தில்தான். இன்ஜின் சக்கரத்தில் வெட்டியுள்ள கோடு, பக்கத்தில் பொருத்திய முள்ளுக்கு நேராக வரும்போது எரிந்தால் பொறியின் நேரம் சரி. மெல்லச் சுற்றினான். கோடு முள்ளைத் தொட இன்னும் இரண்டு விரற்கடை இருக்கையிலேயே பல்பு எரிந்தது. மூன்று முறை சுற்றினான். மூன்று முறையும் அப்படியே.

பிஸ்டன் மேலேறி முடிக்குமுன் பொறி விழுந்தால் பிஸ்டன் பாதியிலேயே கீழே தள்ளப்படும். கம்பி எதிர்ப்பக்கமாகச் சுழன்று பிடித்தவன் கையை உடைக்கும்.

டிஸ்ட்ரிபியூட்டர் நகர்ந்திருக்குமோ என்று முதலில் சந்தேகித்தான். போல்ட் இறுக்கமாக இருந்தது. அவன் கீறி வைத்த அடையாளமும் மாறவில்லை. பாயிண்டின் இடைவெளியில் அளவுத் தகட்டை நுழைத்துப் பார்த்தான். இருக்கவேண்டியதைவிட ஏறக்குறைய ஒன்றரை மடங்கு அகலம்.

அப்போதுதான் அவனுக்கு உறைத்தது. போன மாதம் பாயிண்டை மாற்றியவன் அவனேதான். முதலில் இடைவெளி, பிறகே நேரம்: இந்த வரிசையை எத்தனையோ பேருக்கு அவனே அதட்டிச் சொல்லியிருக்கிறான். அன்றோ, நேரத்தை வைத்து முடித்த பிறகு, சாப்பிடக் கூப்பிட்ட அவசரத்தில், இடைவெளி குறைவாகத் தெரிகிறதே என்று சற்றுக் கூட்டிவிட்டு மூடியைப் போட்டான். இடைவெளி கூடினால் பாயிண்ட் முன்னதாகவே விலகும். வைத்த நேரம் கெட்டுப்போகும். மறுபடி சரிபார்க்கவில்லை. வண்டி மேட்டில் நின்றதால் உருட்டிவிட்டே கிளப்பினான். கம்பியைத் தொடவே இல்லை. தொட்டவர் மறுநாள் காலை மச்சான்.

ஐந்து நிமிடம் போதும். சரிசெய்து மூடிவிட்டால் எவருக்கும் தெரியாது. கை அந்த வேலைக்கு நீளவும் செய்தது. தவறு செய்தவன் நிமிர்ந்து நிற்க, செய்யாதவர் மூன்று வாரமாகத் தலை குனிந்து கிடந்தார் என்பதும் அவனுக்குத் தெரிந்தே இருந்தது.

“என்ன மாப்பிள்ளை, சத்தத்தையே காணோம்? வண்டி உங்களைத் தாலாட்டித் தூங்க வெச்சிடுச்சா?” என்று வாசலிலிருந்து குரல் வந்தது.

“கொஞ்சம் உள்ளே வாங்க மச்சான். இந்தப் பல்பைப் பாருங்க.”

சுற்றிக் காட்டினான். மச்சானுக்கு விளக்கம் தேவைப்படவில்லை.

“இவ்வளவு முன்னாடியே எரியுதே. யாரு வெச்சது?”

“நான்தான். போன மாசம். கம்பி அடிச்சது இதனாலதான் மச்சான். உங்க கை மேல தப்பில்லை.”

முட்டாளே என்று ஒரு வார்த்தை திட்டியிருந்தால் பாரம் இறங்கியிருக்கும். அவர் திட்டவில்லை. தண்ணீர்க் குவளையை எடுக்கும்போதுகூட விரல் எந்தப் பக்கம் போகிறது என்று இத்தனை நாளாகப் பார்த்துக்கொண்டிருப்பதாகத் தாழ்ந்த குரலில் சொன்னார். மெக்கானிக் ஸ்பேனரை எடுத்தான். அவர் இடக்கையால் தடுத்தார்.

“அது இப்படியே இருக்கட்டும். அன்னிக்கு யார் யார் முன்னாடி சொன்னீங்களோ, அவங்க முன்னாடியே இதையும் சொல்லிடுங்க.”

மெக்கானிக் சமையலறை வாசலுக்குப் போனான். வண்டி தயாரா என்று மனைவி ஈரக்கையோடு கேட்டாள். எல்லாரும் ஒரு நிமிடம் கொட்டகைக்கு வரவேண்டும் என்றான்.

மூவரும் வந்து நின்றார்கள். அவன் சக்கரத்தைச் சுற்றிக் காட்டி, முதலிலிருந்து கடைசிவரை, தன் அவசரத்தையும் விடாமல் சொன்னான். மகள் அப்பாவின் அருகில் போய் நின்றாள். அவன் மனைவி தரையைப் பார்த்தாள். மச்சானின் மனைவி கணவரிடம், வரப்போகிறவருக்குப் போன் செய்து, வரவேண்டாம் என்று தானே சொல்லிவிடட்டுமா என்று கேட்டார்.

மச்சான் டிராக்டரை ஒருமுறை சுற்றி நடந்து வந்தார்.

“சொல்லு” என்றார்.