பச்சைப் பெயிண்டுக்கு அடியில் ஒன்று புள்ளி ஆறு

1

முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இது ஒருவரைக் கிண்டல் செய்வதற்காக ஆரம்பித்த கதை.

நெய்வேலியை ஒட்டிய மந்தாரக்குப்பத்தில் ஒரு டீக்கடை வாசலில், மொபெட்டின் பின்னால் மரம் அறுக்கும் மெஷின் ஒன்றைக் கட்டிவைத்திருந்தார்கள். அதன் பாரில் (செயின் சுற்றி ஓடுகிற நீளமான இரும்புப் பட்டைக்கு அதுதான் பெயர்) பச்சைப் பெயிண்டில் ‘டாக்டர் சோ.சு.’ என்று எழுதியிருந்தது. மரத்துக்கு வைத்தியம் பார்க்கிறவரோ என்று நினைத்தேன். விசாரித்தால், மரம் வெட்டும் கான்ட்ராக்டராம். சோமசுந்தரம். டாக்டர் பட்டம் ஒரு கல்யாண மண்டபத்தில் சால்வையோடு சேர்த்துக் கொடுத்தது. அன்றிலிருந்து கடப்பாரை, கயிறு, ஏணி, தண்ணீர் கேன், எல்லாவற்றிலும் டாக்டர்தான். தொழிலாளிகளின் முதுகு மட்டும் பாக்கி இருந்தது. அதற்கும் பனியன் அடித்துக் கொடுத்துவிட்டார்.

மூன்று பக்கம் சிரிக்கலாம் என்று கணக்குப் போட்டேன். மெஷினைப் பற்றி நாலு வார்த்தை தெரிந்துகொள்ளலாமே என்று பக்கத்து ஸ்பேர் பார்ட்ஸ் கடையில் அந்தப் பெயிண்டைப் பற்றிச் சிரித்துக்கொண்டே சொன்னேன். கவுண்டரில் இருந்த பெண் சிரிக்கவில்லை.

“அந்த எடத்துலதான் சார், எந்தச் செயின் போடணும்ங்கற நம்பர் இருக்கும்” என்றாள்.

சிரிப்பு அங்கே நின்றது. அந்தப் பெண்ணுக்கு நான் செவ்வந்தி என்று பெயர் வைத்தேன். மீதி எல்லாம் கற்பனை. அப்படித்தான் எனக்கு நானே சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

2

முதல் தொடக்கம்: ‘இயற்கைக்கும் இயந்திரத்துக்கும் இடையே காலந்தோறும் நடக்கும் போரில், நெய்வேலி என்னும்

(அடித்துவிட்டேன். இப்படி ஆரம்பிக்கிறவர்களைக் கேலி செய்தே வயசாகிப்போனவன் நான்.)

இரண்டாவது: ‘செங்குட்டுவன் கிளையில் காலை ஊன்றிக்கொண்டு கயிற்றை இழுத்தான். மெஷின் உறுமியது. செயின்

(இதை அடிக்கவில்லை, அப்படியே விட்டிருக்கிறேன். அடுத்த வார்த்தை எனக்குத் தெரியும், எழுதக் கை வரவில்லை. மெஷின் இன்னும் உறுமிக்கொண்டே இருப்பதாக ஒரு பிரமை.)

ஆகவே அன்று காலையிலிருந்து ஆரம்பித்து வருகிறேன்.

3

செங்குட்டுவன் டாக்டரிடம் மரம் வெட்டுகிறவன். செவ்வந்தியின் புருஷன். மெஷினில் செயின் அறுந்துபோய், பாரை மட்டும் கழற்றித் தோளில் போட்டுக்கொண்டு கடைக்கு வந்தான்.

“ஒரு செயின் குடு.”

“வூட்டுக்கு வந்தா சோறு, கடைக்கு வந்தா செயினு. கேஜ் எவ்ளோ?”

“என்னைக் கேட்டா? பாரைப் பாரு.”

“பார்ல உங்க டாக்டரு பேருதான் இருக்குது. இது இன்னா, மருந்துச் சீட்டா?”

“போன வாட்டி குடுத்தியே, அதையே குடு. மரம் ஒரு குவார்ட்டர்ஸ் மேல சாஞ்சிகினு நிக்குது. அந்த வூட்டம்மா கத்திகினு இருக்காங்க.”

போன முறை கொடுத்தது ஒன்று புள்ளி மூன்று. அதையே எடுத்துப் போட்டாள். அவன் அங்கேயே செயினைப் பாரின் மேல் சுற்றி, விரலால் இழுத்துப் பார்த்தான்.

“பாத்தியா, உன் வாயி மாதிரி தடையே இல்லாம ஓடுது.”

“சாயங்காலம் வூட்டுக்கு வா, ஓடறதைக் காட்டறேன்.”

அவன் சிரித்துக்கொண்டே போனான்.

[இடையில் ஒரு விளக்கம். செயினின் அடியில் சின்னச் சின்ன இரும்புக் கண்ணிகள் நீட்டிக்கொண்டிருக்கும். பாரின் விளிம்பில் உள்ள காடிக்குள், அதாவது ஒடுக்கமான பள்ளத்துக்குள், அவை ஓட வேண்டும். கண்ணியின் தடிமனும் காடியின் அகலமும் ஒன்றாக இருக்க வேண்டும், மில்லிமீட்டரில் அந்த அளவுதான் கேஜ். பாரின் நுனியில் திரும்புகிற குட்டிப் பல்சக்கரமும் அதற்கு ஒத்துப்போக வேண்டும். தடித்த செயின் குறுகிய காடியில் ஏறவே ஏறாது. ஆகவே ஆபத்தும் இல்லை. ஒல்லிச் செயின் அகலக் காடியில் சந்தோஷமாக ஏறிக்கொள்ளும். ஓடும். ஒரு கிளையை அறுத்துக்கூடக் காட்டும். பிறகு பாரம் பக்கவாட்டில் விழும் நேரம் பார்த்துச் சாயும். சாய்ந்தால் காடியை விட்டு வெளியே வரும். வெளியே வந்தால் எந்தப் பக்கம் வீசும் என்று யாராலும் சொல்ல முடியாது. பிடித்திருக்கிற கை பக்கத்தில்தான் இருக்கும்.]

4

வெயில் ஏறியபோது தனகோட்டி வந்தான். அதே கூட்டத்தில் வேலை செய்கிறவன். அவன் கையிலும் ஒரு பார், பச்சைப் பெயிண்டோடு. நுனிச் சக்கரம் இறுகிக்கொண்டதாம், புதிதாக ஒன்று வேண்டுமாம்.

“இதுக்கும் கேஜ் தெரியணும் தனகோட்டி. பழைய பார்தான?”

“இல்ல அண்ணி, புதுசு. டாக்டரு கோயமுத்தூர்லேர்ந்து ஜோடியா எறக்கினாரு. பழசையெல்லாம் தூக்கி ஷெட்டுல போட்டாச்சு.”

“ஜோடியா?”

“ஒண்ணு இது. ஒண்ணு அண்ணன் கையில. ரெண்டுக்கும் நான்தான் பெயிண்ட் அடிச்சேன்” என்றான், கொஞ்சம் பெருமையாக.

செவ்வந்தி பெயிண்டைக் கரைக்கிற தின்னர் பாட்டிலைத் தேடினாள். அது கண்ணெதிரேதான் இருந்தது. துணியை நனைத்துத் தேய்த்தாள். முதலில் ‘டாக்டர்’ போயிற்று. பிறகு ‘சோ’. அதற்கு அடியில் இரும்பில் வெட்டிய எண் மெதுவாக வந்தது: 1.6.

காலையில் கொடுத்த ஒன்று புள்ளி மூன்று செயின் ஓடிய விதம் அவளுக்கு நினைவு வந்தது. புதுச் செயின் அப்படி ஓடக்கூடாது. கொஞ்சமாவது பிடிக்க வேண்டும்.

செங்குட்டுவனுக்குப் போன் அடித்தாள். மணி போய்க்கொண்டே இருந்தது.

“மரத்துல ஏறினா அண்ணன் போனை வண்டியில வெச்சிருவாரு அண்ணி.”

“கீழ யாரு?”

“ராயப்பன் கயிறு புடிச்சிகினு இருப்பாரு. மெஷின் சத்தத்துல அவருக்கு எங்க கேக்கப் போவுது? ஏன் அண்ணி, மூஞ்சி ஒரு மாதிரி ஆயிட்டுது?”

5

டாக்டருக்குப் போன் செய்தாள்.

“யாரும்மா? மீட்டிங்ல இருக்கேன்.”

“சார், செங்குட்டுவன் வூட்டுக்காரி பேசறேன். அவரு மெஷின்ல செயின் மாறிப்போச்சு. வேலையை ஒடனே நிறுத்தச் சொல்லுங்க சார்.”

“நம்ம டூல்ஸ் எல்லாம் இன்டர்நேஷனல் ஸ்டாண்டர்டும்மா.”

“பாரு ஸ்டாண்டர்டுதான் சார். நான் குடுத்த செயின்தான் தப்பு. உங்க பேரு மேல இருந்ததால நம்பர் தெரியல. இப்பதான் தின்னர் போட்டுத் தொடைச்சேன்.”



“என் பேரை அழிச்சியா?”

(இந்த வசனத்துக்காகத்தான் இத்தனை தூரம் வந்தேன். எழுதிவிட்டுத் தனியாக உட்கார்ந்து சிரித்தேன். நிமிர்ந்தால் கடையில் யாரும் இல்லை. போனைக் கவுண்டரிலேயே போட்டுவிட்டு செவ்வந்தி தனகோட்டியின் வண்டியில் ஏறிவிட்டாள்.)

டாக்டருக்கும் நியாயம் செய்ய வேண்டும். ஆள் அவ்வளவு கல் இல்லை. அவர் உடனே சூப்பர்வைசரைக் கூப்பிட்டார் என்று எழுதினேன். சூப்பர்வைசர் வேறு பிளாக்கில், வேறு மரத்தடியில் இருந்தார். அதற்கு மேல் நியாயம் செய்ய எனக்கு வழி தெரியவில்லை.

6

முடிவுகளைப் பார்க்கலாம்.

அ) திடீர் மழை. வேலை நிற்கிறது. (பளிச்சென்ற வெயிலில் மழை வரவழைக்க எனக்கே வெட்கமாக இருக்கிறது.)

ஆ) செயின் கழல்கிறது. அவனுடைய வலது

(இங்கே பேனாவை வைத்துவிட்டு எழுந்து போய்த் தண்ணீர் குடித்தேன். திரும்பி வந்தபோதும் அந்த ‘வலது’ அப்படியே இருந்தது.)

இ) பெயிண்டையே எடுத்துவிடுவது. கதையின் முதல் பக்கத்துக்குப் போய் நாலு வரியை அடித்தால் போதும். எண் பளிச்சென்று தெரியும். செவ்வந்தி சரியான செயினைக் கொடுப்பாள். செங்குட்டுவன் சாயங்காலம் வீட்டுக்கு வந்து அவளிடம் வாங்கிக் கட்டிக்கொள்வான். ஒருவருக்கும் ஒன்றும் ஆகாது.

வெகுநேரம் யோசித்தேன். அடிக்கவில்லை. ஏன் என்றால், அந்தக் கிண்டல் நன்றாக வந்திருந்தது. மருந்துச் சீட்டு, பனியன், சால்வை, எதையும் விட மனசில்லை. டாக்டருக்கு அவர் பெயர். எனக்கு என் நகைச்சுவை. இரண்டும் ஒரே எண்ணின் மேல்தான் பூசப்பட்டிருக்கின்றன. அது தெரிந்ததிலிருந்து எனக்கு டாக்டரைப் பார்த்துச் சிரிப்பு வரவில்லை.

7

நெய்வேலி டவுன்ஷிப்புக்குள் வண்டி போய்க்கொண்டிருக்கிறது. ஷிப்ட் பஸ் ஒன்று முன்னால் நிதானமாகத் திரும்புகிறது. தனகோட்டி ஹாரனை அழுத்திக்கொண்டே இருக்கிறான். ஒரே மாதிரி தெருக்கள், ஒரே மாதிரி குவார்ட்டர்ஸ், ஒரே மாதிரி காம்பவுண்டு. ஒவ்வொரு திருப்பத்திலும் முந்தைய திருப்பத்துக்கே வந்துவிட்டதுபோல் செவ்வந்திக்குத் தோன்றுகிறது. பிறகு அந்தச் சத்தம் கேட்கிறது.

“கேக்குதா அண்ணி? அண்ணன்தான். நல்லாத்தான் இருக்காரு.”

“நிக்கலியே?”

“நிக்கல.”

“சீக்கிரம் போ. நிறுத்தணும்.” பிறகு, அவளுக்கே கேட்காத குரலில், “ஐயோ, நிக்காம இருக்கணும்” என்கிறாள்.

சத்தம் கேட்கிறவரைக்கும் அவனுக்கு ஒன்றும் ஆகவில்லை. சத்தம் கேட்கிறவரைக்கும் செயின் ஓடிக்கொண்டிருக்கிறது. எது வேண்டும் என்று சாமியிடம் கேட்பது? இரண்டையும் மாற்றி மாற்றிக் கேட்டுக்கொண்டே போகிறாள். மெஷின் மரத்தில் இறங்கும்போது குரல் கனத்து அடங்குகிறது; வெளியே வரும்போது கீச்சென்று ஏறுகிறது. இறங்குகிறது. ஏறுகிறது. இறங்குகிறது.

கடைசி மூலைக்கு வந்துவிட்டார்கள்.

சத்தம் நின்றது.

மரம் வெட்டுகிற இடத்தில் மெஷின் நிற்க நூறு காரணம் உண்டு. டீ வந்திருக்கலாம். பெட்ரோல் தீர்ந்திருக்கலாம். செயின் ஆடுவதை அவனே உணர்ந்து, அவளைத் திட்டிக்கொண்டே நிறுத்தியிருக்கலாம். தனகோட்டி பிரேக் பிடித்தான். செவ்வந்தி ஒரு காலைத் தரையில் ஊன்றினாள். இன்னொரு கால் வண்டியிலேயே இருந்தது.

“போங்க அண்ணி.”

“நீ பாத்துட்டு வா தம்பி.”

“என்னால ஆவாது அண்ணி. நான்தான் பெயிண்ட் அடிச்சேன்.”

செயின் கொடுத்தவள் அவள். அந்தப் பெயிண்டை அழிக்காமல் விட்டவன் நான். எங்கள் மூன்று பேரில் அந்த மூலையைத் திரும்புகிற தைரியம் யாருக்கும் இல்லை. நீங்கள் ஒன்றும் செய்யவில்லை. நடுவில் இரண்டு மூன்று இடத்தில் சிரித்தீர்கள், அவ்வளவுதான்.

திரும்பினால் அவன் ஏறிய தூங்குமூஞ்சி மரம் தெரியும். மேலே பார்ப்பதற்கு முன்னால், கீழே கயிறு பிடித்திருக்கும் ராயப்பன் முகத்தைப் பாருங்கள், அதிலேயே தெரிந்துவிடும். நாங்கள் இங்கேயே நிற்கிறோம். போய்ப் பார்த்துவிட்டு, எதுவானாலும், அவளிடம் நீங்களே சொல்லுங்கள்.