சாக்ஸ் சார்ஜென்ட்

டன்மோர் கல்லூரி கோச் ரஸ் கெட்டரிங்கை எங்கள் ஊரில் யாருக்கும் பிடிக்காது. எனக்கும்தான். எங்கள் ஹோல்பெக் கல்லூரிப் பையன்களை வருஷா வருஷம் கூடைப்பந்தில் போட்டுத் துவைக்கிற மனுஷனை எப்படிப் பிடிக்கும்? தோற்பதைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். ஆட்டம் முடிந்ததும் ரேடியோவில் வந்து, "நான் ராணுவத்தில் இருந்தபோது" என்று ஆரம்பிப்பாரே, அப்போதுதான் எனக்கு வயிறு எரியும். பையன்கள் வேகமாக ஓடினால் ராணுவம், நேரத்துக்குத் தூங்கினால் ராணுவம். அவர்கள் ஊர்க்காரர்கள் அவரைச் சார்ஜென்ட் என்றே கூப்பிடுவார்கள்.

அதனால், அந்தச் சனிக்கிழமை காலைச் சாப்பாட்டுக்குக் கூடியபோது டுவெய்ன் கொண்டுவந்த செய்தி எங்களுக்கு இனித்தது. உள்ளதைச் சொல்லவேண்டும், முதலில் சிரித்தது நான்தான்.

கூடியது எங்கள் வரிசை ஆட்கள். ஹோல்பெக் அரங்கில் பதினான்காம் வரிசை. இண்டியானாவில் பக்கத்து வீட்டுக்காரர் மாறுவார், பக்கத்து நாற்காலிக்காரர் மாறமாட்டார். சீசன் டிக்கெட்டை உயிலில் எழுதி வைக்கிற ஊர் இது. நான், என் வீட்டுக்காரர் வெர்லின், டயர் கடை டுவெய்ன், அந்தக் காலத்தில் டுவெய்னுக்குப் பள்ளிக்கூடத்தில் கணக்குப் போட்டுத் திணறடித்த வில்மா டீச்சர். முப்பது வருஷமாக இந்த நாலு நாற்காலிதான்.

"கெட்டரிங் குட்டு உடைஞ்சுபோச்சு" என்றான் டுவெய்ன், முட்டையை முள்கரண்டியால் கிழித்துக்கொண்டே. "என் மச்சினன் அவன்கூட ஒரே முகாம்ல இருந்த ஆளைப் பாத்திருக்கான். நம்ம சார்ஜென்ட் மூணு வருஷமும் கான்சாஸ்ல ஒரு கிடங்குல இருந்திருக்கான். புதுசா வர்ற பசங்களுக்குச் சாக்ஸ் எடுத்துக் கொடுக்கிற வேலை. சாக்ஸ்! அதுவும் அப்ப சண்டையே கிடையாது."

நான் காபியைத் துப்பாத குறைதான்.

"கொடுத்தா என்ன?" என்றார் வில்மா டீச்சர். "சிப்பாய் வெறுங்காலோட நடப்பானா?"

"நடக்கமாட்டான் டீச்சர். ஆனா சாக்ஸ் கொடுத்தவன் சாக்ஸ் கொடுத்தேன்னு சொல்லணும். இவன் என்னமோ குண்டு மழையில குளிச்ச மாதிரிப் பேசுறான்."

"பொய் சொன்னானா? ராணுவத்துல இருந்தேன்னான். இருந்தான்."

"அதான் அவன் கெட்டிக்காரத்தனம்! நாம நெனச்சுக்குவோம்னு தெரிஞ்சே பேசுறான்."

"நீ எந்த முகாம்ல இருந்த, டுவெய்ன்?"

டுவெய்னின் காது சிவந்தது. "என் தேதி வரலையே, டீச்சர். வந்திருந்தா போயிருப்பேன்."

வியட்நாம் சண்டை நடந்த காலத்தில் பிறந்த தேதிகளைக் குலுக்கி எடுத்துத்தான் ஆள் சேர்த்தார்கள். முதலில் வந்த தேதிக்காரன் பெட்டி கட்டினான். கடைசியில் வந்தவன் ஊரிலேயே டயர் மாற்றிக்கொண்டிருந்தான். எங்கள் வயதுக்காரர்களிடம் அந்தப் பேச்சை எடுப்பது ஆறின புண்ணை நோண்டுகிற மாதிரி. டீச்சருக்கும் அது தெரியும். ஆனாலும் அவர் வாய் சும்மா இருக்காது.

டுவெய்ன் பேச்சை மாற்றினான். "நெஜமா போனவன் பேசமாட்டான். அதான் கணக்கு. இந்தா, நம்ம வெர்லினைப் பாருங்க. முப்பது வருஷமா பக்கத்துல உக்காந்திருக்கான். என்னைக்காவது ஒரு வார்த்தை? ஒரு வார்த்தை சொல்லியிருப்பானா?"

வெர்லின் காபியைக் கலக்கிக்கொண்டிருந்தார். சர்க்கரை போடாத காபி.

டுவெய்ன் மேசைக்கடியிலிருந்து ஒரு பொட்டலத்தை எடுத்தான். மொத்த விலைக்கு வாங்கிய வெள்ளை சாக்ஸ். மாணவர்களுக்கும் ஒரு பெட்டி அனுப்பியாகிவிட்டதாம். அன்றைக்கு டன்மோருடன் ஆட்டம், முன்னாள் வீரர்களைக் கௌரவிக்கிற நாளும்கூட. வீரர்களை எழுந்து நிற்கச் சொல்லும் நேரத்தில் எல்லோரும் சாக்ஸை உயர்த்திக் கெட்டரிங்கைப் பார்த்து ஆட்டவேண்டும். இதுதான் திட்டம்.

"ஆனா ராணுவத்துல இருந்த நம்மாளு ஒருத்தன் முதல்ல தூக்கணும். இல்லேன்னா ராணுவத்தையே கேலி பண்றோம்னு நாளைக்குப் பேப்பர்ல எழுதுவானுங்க" என்றவன் ஒரு ஜோடியை வெர்லின் முன்னால் வைத்தான். "நீ தூக்கினா ஒருத்தன் வாயைத் திறக்கமாட்டான். உனக்கு உரிமை இருக்குய்யா. உனக்குத்தான் இருக்கு."

"பாப்போம்" என்றார் வெர்லின், சாக்ஸைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு. என் சிரிப்பு எங்கே போனதென்று தெரியவில்லை.

காரில் ஏறிக் கதவைச் சாத்தியதும் நான் ஆரம்பித்தேன். "சொல்லித் தொலைச்சிருக்கலாம்ல?"

"என்னன்னு சொல்ல?"

"ஒக்லஹோமாவுல முட்டை உடைச்சேன்னு சொல்லு!"

அவர் செய்தது அதுதான். வெர்லின் தேதி முதல் வரிசையிலேயே வந்தது. எங்கள் ஊர்ப் பையன்கள் ஒரே பஸ்ஸில் போனார்கள். முகாமில் ஓர் அதிகாரி, "சமையல் தெரிந்தவன் யார்?" என்று கேட்டார். மாமாவின் சாப்பாட்டுக் கடையில் முட்டை பொரித்துப் பழகிய வெர்லின் கையைத் தூக்கினார். மற்றவர்களை வியட்நாமுக்கு அனுப்பினார்கள். இவர் இரண்டு வருஷம் விடியற்காலையில் எழுந்து பயிற்சிப் பையன்களுக்கு முட்டை உடைத்தார். இப்போதும் முட்டையைத் தொடமாட்டார். டுவெய்ன் அதை ரத்தக் கொழுப்புப் பிரச்சினை என்று நினைத்துக்கொண்டிருக்கிறான்.

முதல் தடவை அரங்கில், "ராணுவத்தில் பணியாற்றியவர்கள் எழுந்து நில்லுங்கள்" என்றபோது அவர் நின்றார். அதில் தப்பே இல்லை, கேட்டார்கள், நின்றார். டுவெய்ன் மட்டும் கை சிவக்கத் தட்டிவிட்டு, "அங்கேயா இருந்த?" என்று கேட்டான். இவர் தலையை ஒரு மாதிரி ஆட்டிவிட்டு ஆட்டத்தைப் பார்க்கத் திரும்பிக்கொண்டார். அவ்வளவுதான். மீதிக் கதையை டுவெய்னே கட்டிக்கொண்டான். காட்டுக்குள் என்ன பார்த்தாரோ பாவம், வாயைத் திறக்கமாட்டேன் என்கிறார் என்று ஊரெல்லாம் சொன்னான். எங்கள் ஊரில் வாயை மூடிக்கொண்டிருந்தாலே பதக்கம் கொடுத்துவிடுவார்கள்.

"முப்பது வருஷமா அவன் வாங்கிக் கொடுத்த பாப்கார்னைத் தின்னுருக்கேன், ஆர்டித்" என்றார் வெர்லின். "அதை எப்படித் திருப்பிக் கொடுக்கிறது?"

"அப்ப இன்னைக்குப் போகவேணாம். காய்ச்சல்னு சொல்லிக்கலாம்."

"டன்மோர் ஆட்டத்துக்கா?" என்று என்னைப் பைத்தியம் மாதிரிப் பார்த்தார். சிறிது தூரம் போனபின், "சாக்ஸ் கொடுத்தவனை இப்படிச் சிரிக்கிறாங்கன்னா, முட்டை உடைச்சவனை என்ன செய்வாங்க?" என்றார். அறுபது வயது தாண்டிய மனுஷன் பள்ளிக்கூடப் பையன் மாதிரிக் கேட்டார். எனக்கு டுவெய்ன் மேல் ஆத்திரம் வந்தது. சிரித்த என் மேலும் வந்தது.

அரங்கில் மூச்சுவிட இடமில்லை. டன்மோர் பையன்களின் பெயர்களை அறிவித்தபோது எங்கள் மாணவர்கள் வழக்கம்போல, எதிரணியைப் பார்க்கவே பிடிக்காத மாதிரி, செய்தித்தாளை விரித்து முகத்தை மறைத்துக்கொண்டார்கள். கெட்டரிங் நுழைந்தார். அவசரக்குடுக்கை ஒருவன் முன்னதாகவே சாக்ஸை ஆட்டப்போய் ஒன்று அவர் காலடியில் விழுந்தது. அவர் குனிந்து எடுத்தார். உள்ளே விரலை விட்டுத் திருப்பி, எந்த அளவு என்று பார்த்தார். யார் பக்கமும் திரும்பாமல் கோட்டுப் பைக்குள் போட்டுக்கொண்டார்.

"திமிரைப் பாத்தியா?" என்றான் டுவெய்ன்.

ஆட்டம் தொடங்கிக் கொஞ்ச நேரத்தில், முதல் சிறு இடைவேளைக்கு விசில் அடித்ததும் ஒலிபெருக்கி முழங்கியது. நம் நாட்டின் ராணுவத்தில் பணியாற்றிய அனைவரும் எழுந்து நிற்கவேண்டும். அங்கங்கே ஆட்கள் எழுந்தார்கள். டுவெய்ன் வெர்லினின் முழங்கையைப் பிடித்துத் தூக்கினான். "எழுந்திரு! சாக்ஸை எடு!"

வெர்லின் எழுந்தார். நான் அவரைப் பார்க்காமல் கீழே கெட்டரிங்கைப் பார்த்தேன். ஆட்டம் முழுக்க ஒரு நிமிஷம் உட்காராத ஆள் அவர். ஆடுகளக் கோட்டோரமாகவே நடந்துகொண்டிருப்பார். அவர் இப்போது பையன்களை விட்டு விலகிப் போய் பெஞ்சில் உட்கார்ந்தார். உட்கார்ந்து, நின்றவர்களைப் பார்த்துக் கை தட்டினார்.

"ஒத்துக்கிட்டான்!" என்று டுவெய்ன் குதித்தான். "அவனே ஒத்துக்கிட்டான்யா! தூக்கு, வெர்லின், தூக்கு!"

முன் வரிசைகளில் எல்லோரும், டுவெய்ன் சொல்லி வைத்திருந்ததால், சாக்ஸைக் கையில் பிடித்தபடி எங்கள் பக்கம் திரும்பிக் காத்திருந்தார்கள். வெர்லின் கையை உயர்த்தவில்லை.

"அவனை எழுந்து நிக்கச் சொல்லு, டுவெய்ன்" என்றார்.

"என்னது?"

"நான் நிக்கலாம்னா அவனும் நிக்கலாம். அவன் உக்காரணும்னா நானும் உக்காரணும். நான் ஒக்லஹோமாவைத் தாண்டினதே இல்ல. சமையல்கட்டுல முட்டை உடைச்சேன். ரெண்டு வருஷமும் அதான்."

டுவெய்ன் சிரித்தான். வெர்லின் தமாஷ் பண்ணுகிறார் என்று நினைத்துவிட்டான். பிறகு என் முகத்தைப் பார்த்தான். என் முகத்தில் எதுவும் மறையாது, அது என் சாபம்.

"அப்ப இத்தனை வருஷமா நான் யாருக்குக் கை தட்டினேன்?"

டுவெய்ன் எங்கள் முழங்கால்களை இடித்துக்கொண்டு வரிசையை விட்டு வெளியேறினான். தலைவன் இல்லாத படை மாதிரி, பாதிப் பேர் சாக்ஸைத் தூக்கினார்கள், பாதிப் பேர் தூக்கவில்லை; அதற்குள் ஆட்டம் தொடர விசில் அடித்துவிட்டது. வெர்லின் உட்கார்ந்தார். அவர் கையைப் பிடித்தேன்.

"நல்லதாச்சு" என்றார் வில்மா டீச்சர்.

"இனி அவன் வரமாட்டான், டீச்சர்" என்றார் வெர்லின்.

"அவன் கணக்கு மெதுவாத்தான் போடுவான். போட்டு முடிச்சா வருவான்."

இரண்டாம் பாதியில் பாதி நேரம் ஓடியபின் டுவெய்ன் வந்தான். முகம் கழுவிய ஈரம் காலரில் இருந்தது. உட்கார்ந்து ஆட்டத்தையே பார்த்தான். நாங்கள் முன்னணியில் இருந்தோம், ஆனால் அவன் ஸ்கோர் பலகையைப் பார்க்கவே இல்லை.

"குலுக்கல் அன்னைக்கு என் தேதி கடைசியில வந்துச்சு" என்றான். "எங்கம்மா சந்தோஷத்துல அழுதாங்க. நானும்தான். அப்புறம் இந்த நாற்காலி கிடைச்சுது. உன் பக்கத்துல உக்காரும்போதெல்லாம், எனக்குப் பதிலா போன ஆளு பக்கத்துல உக்காந்திருக்கேன்னு நெனச்சுக்குவேன். ஏதோ கடனைக் கொஞ்சம் அடைச்ச மாதிரி இருக்கும். புரியுதா?"

"புரியுது."

"நீயும் போகலையேய்யா."

"போகல" என்றார் வெர்லின். "நம்ம ரெண்டு பேருக்கும் பதிலா வேற யாரோ போனாங்க, டுவெய்ன்."

டுவெய்ன் இரண்டு கைகளாலும் முகத்தை மூடிக்கொண்டான். தோள் குலுங்கியது. வெர்லின் அவனைத் தொடவில்லை, ஆனால் நகர்ந்து கொஞ்சம் நெருங்கி உட்கார்ந்தார்.

கீழே டன்மோர் பையன் ஒருவன், தடுக்க ஆளில்லாமல் தனியாகப் பந்தெறியும் ஃப்ரீ த்ரோ போட வந்து நின்றான். அவன் கவனத்தைக் கலைக்க அரங்கமே எழுந்து கத்தியது. பதினான்காம் வரிசையில் நாங்கள் நாலு பேரும் எழுந்திருக்கவில்லை.