முப்பத்தேழாவது பெயர்

பாக்கியலெட்சுமி வீட்டுக்கு ஐந்தாவது தடவையாகப் போன அன்று, வாசலில் நின்றே சண்டை பிடிப்பது என்ற முடிவோடுதான் போனேன். வெள்ளவத்தையிலிருந்து இரண்டு பஸ் மாறி, ஜிந்துப்பிட்டி ஒழுங்கைக்குள் வேர்த்து விறுவிறுத்து நடந்து, ஒவ்வொரு முறையும் "பாப்பம் மிஸ்ஸி" என்ற ஒற்றைப் பதிலை வாங்கிக்கொண்டு திரும்ப நான் என்ன தபால்காரியா? அந்தப் பகுதியின் மருத்துவிச்சி நான், துஷாந்தினி. இரண்டாயிரத்து இருபத்தொன்று, ஜூலை மாதம். கர்ப்பிணிகளுக்கும் கொரோனா ஊசி போடத் தொடங்கியிருந்தோம்.

அவளுக்கு ஆறு மாதம். கல்யாணமாகி எட்டு வருடத்துக்குப் பிறகு தங்கிய பிள்ளை. போதாக்குறைக்கு ஆஸ்துமா வேறு. கொரோனா வந்தால் தாங்க மாட்டாள் என்று எனக்கு நிச்சயமாகத் தெரியும். அவள் தாய் குப்பாயி சுவரோரம் இருந்து வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள். நான் போகும்போதெல்லாம் அவள் ஏதாவது உரித்துக்கொண்டிருப்பாள், வாய் திறக்க மாட்டாள்.

"நானும் ரெண்டு ஊசி போட்டனான். எனக்கு ஒண்டும் நடக்கேல்லையே?" என்றேன்.

"ஒங்களுக்கு எத்தன புள்ளைங்க மிஸ்ஸி?"

எனக்கு நாற்பத்தொரு வயது. கல்யாணமே ஆகவில்லை. சுருக்கென்றது. அவள் குத்திக்காட்டவில்லை, உண்மையாகவே தெரிந்துகொள்ளத்தான் கேட்டாள். அதனால்தான் கோபம் இரட்டிப்பாக வந்தது.

"எனக்கு இல்ல. ஏன், பிள்ளை இல்லாதவள் சொன்னா நம்பமாட்டீரோ?"

அவள் என்னைக் கதிரையில் இருக்கச் சொன்னாள். பிளேன்டீ ஊற்றித் தந்துவிட்டுக் கதைக்கத் தொடங்கினாள்.

"எங்கம்மாவுக்கு நா ஒருத்திதான் மிஸ்ஸி. நா தவழுறப்போ தேயிலத் தோட்டத்து மிஸ்ஸி எங்க லயத்து வீட்டுக்கு வந்து, ஆஸ்பத்திரியில பால்மா குடுக்குறாங்க, லொறியில ஏறுங்கன்னு சொன்னாங்களாம். அம்மாவும் ஏறிப் போனாங்க. ஒரு ஊசி போட்டாங்க. முழிச்சுப் பாத்தா அடிவயித்துல தையல். அதுக்கப்புறம் எங்க வீட்டுல தொட்டிலே கட்டல."

குப்பாயி நிமிரவில்லை. கத்தி மட்டும் நின்றது.

அது அந்தக் காலம் என்றேன். சொன்ன எனக்கே அது கேவலமாகக் கேட்டது. தேநீரைக் குடித்தேன். பாக்கியலெட்சுமியே பிறகு இறங்கி வந்தாள்.

"வியாழக்கிழமை வர்றேன். ஆனா பாக்க மட்டுந்தான். மத்தவங்களுக்குப் போடுறத பாக்கணும். டாக்டரம்மாகிட்ட கேள்வி கேக்கணும். நானா சரின்னு சொல்ற வரைக்கும் யாரும் என்னய தொடக்கூடாது."

"சத்தியமா," என்றேன். மனம் நிறைந்துபோய்த்தான் சொன்னேன். அவள் போட்டுக்கொண்டால் அந்த ஒழுங்கையே பின்னால் வரும்.

புதன்கிழமை பின்னேரம் அலுவலகத்துக்குப் பெயர்ப் பட்டியல் கொடுக்க வேண்டும். எத்தனை பெயரோ அத்தனை ஊசிதான் பெட்டியில் வைத்து வரும். பெயர் இல்லாவிட்டால் ஊசி இல்லை. அவள் சம்மதித்து நிற்கும்போது "இன்றைக்கு முடிந்துவிட்டது, அடுத்த கிழமை வா" என்று எப்படிச் சொல்வது? முப்பத்தேழாவது இடத்தில் அவள் பெயரை எழுதினேன். அவளிடம் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம், கையில் தொலைபேசி இருந்தது. கேட்டால் திரும்பவும் முருங்கை மரம் ஏறிவிடுவாள் என்று பயந்து விட்டுவிட்டேன்.

வியாழன் காலை தாயும் மகளும் ஊசி போடும் மண்டபத்துக்கு வந்தார்கள். பாக்கியலெட்சுமி தன் கேள்விகளைக் கலண்டர் தாளின் பின்புறத்தில் எழுதிக் கொண்டுவந்திருந்தாள். ஊசி போட்ட பெண்களிடம் நோகிறதா, தலை சுற்றுகிறதா என்று கேட்டாள். ஒருத்தி சொன்ன பதிலுக்குச் சிரிக்கக்கூடச் செய்தாள். டொக்டரிடம் அவளைக் கூட்டிப்போக நான் எழும்பினேன்.

"முப்பத்தேழு! பாக்கியலெட்சுமி!" என்று தாதி புளோறன்ஸ் கூப்பிட்டாள். வேலை செய்கிறவள் கூப்பிடத்தானே செய்வாள்.

பாக்கியலெட்சுமி என்னைத்தான் பார்த்தாள்.

"எம் பேர யாரு எழுதுனா?"

"அது சும்மா கணக்குக்கு. பேர் இல்லாட்டி ஊசி அனுப்ப மாட்டினம். நீர் விருப்பமில்லாட்டி..."

குப்பாயி முதல் தடவையாக என்னோடு பேசினாள். "எம் பேரயும் நாங்க போறதுக்கு முந்தியே எழுதித்தான் வச்சிருந்தாங்க," என்றாள். குரலில் கோபமே இல்லை. மகளின் கையைப் பிடித்து வெளியே கூட்டிப்போனாள். நான் வாசல் வரை ஓடினேன். வாசல்படியிலேயே நின்றுவிட்டேன்.

அதற்குப் பிறகு அந்தக் கதவு எனக்குத் திறக்கவில்லை. ஓகஸ்ட் நடுப்பகுதியில் ஒருநாள் பலமாகத் தட்டினேன். குப்பாயி கதவைக் கொஞ்சமாக நீக்கி, "மக ஊருக்குப் போயிட்டா," என்றாள். உள்ளே யாரோ இருமியது கேட்டது. மருமகன் சாந்தகுமாராக இருக்கும் என்று நினைத்தேன். அப்படி நினைக்க எனக்கு வசதியாக இருந்தது என்பதுதான் உண்மை. அவமானமும் ஆத்திரமும் பிடரியைப் பிடித்துத் தள்ள, பதிவேட்டில் 'வெளியூர் சென்றுள்ளார்' என்று எழுதிவிட்டு அடுத்த வீட்டுக்குப் போனேன்.

நான்கு நாள் கழித்து சாந்தகுமார் தொலைபேசியில் அழுதான். புறக்கோட்டையில் மூட்டை தூக்குகிற மனிதன், குழந்தை மாதிரி அழுதான். "மூச்சு விட முடியல மிஸ்ஸி. ஆஸ்பத்திரிக்கு மாட்டேன்னு அடம்புடிக்குறா. நீங்க சொல்லுங்க."

நான் சொன்னால் கேட்பாளா? அம்புலன்ஸுக்குப் போன் அடித்தேன். ஆஸ்பத்திரியில் கொரோனாதான் என்று சொல்லி, வயிற்றைக் கீறிப் பிள்ளையை எடுத்தார்கள். பெண் குழந்தை, ஒன்றரைக் கிலோ. தாய் மூன்றாம் நாள் செத்துப்போனாள். பிள்ளையை அவள் கண்ணால் காணவில்லை. சவப்பெட்டியை மூடித்தான் கொடுத்தார்கள்.

அடுத்த வாரம் அந்த ஒழுங்கை முழுவதும் ஊசிக்கு வந்து வரிசையில் நின்றது. ஒருவரும் ஒன்றும் கேட்கவில்லை. கையை நீட்டினார்கள், போட்டோம், போனார்கள். எங்கள் அலுவலகக் கூட்டத்தில் "துஷாந்தினியின் பிரிவில் நூற்றுக்கு நூறு" என்று சொல்லிக் கைதட்டினார்கள். நான் எழும்பி நன்றி சொன்னேன்.

ஒக்டோபர் கடைசியில் சாந்தகுமார் பிள்ளையைக் கிளினிக்குக்குக் கொண்டுவந்தான். இரண்டு மாதத்து ஊசி. பிள்ளையின் சட்டையை ஒதுக்கித் தொடையைக் காட்டிக்கொண்டு என் முன்னால் இருந்தான். பிள்ளைக்கு அவளுடைய கண்.

"இது அஞ்சு வருத்தம் வராமல் தடுக்கிற ஊசி," என்றேன். "ராவைக்குக் காய்ச்சல் காயும். பயப்பிடாதேங்கோ."

அவன் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"ஏதாவது கேக்கிறதெண்டால் கேளுங்கோ. டொக்டரும் இருக்கிறா. எவ்வளவு நேரமெண்டாலும் பரவாயில்ல."

அவன் பிள்ளையின் சட்டையை இன்னும் கொஞ்சம் மேலே தூக்கினான்.

"ஒரு கேள்வியாவது கேளுங்கோ, சாந்தகுமார்." கெஞ்சினேன். என் குரல் எனக்கே பிடிக்கவில்லை.

"கேட்டவ போயிட்டா மிஸ்ஸி," என்றான். "நீங்க குத்துங்க."