பிரார்த்தனை இல்லாத பதினான்கு நாட்கள்

மருந்து ஆய்வுக்கூடத்தில் அவன் வேலை, மருந்தே இல்லாத மாத்திரைகளை எடைபோட்டு டப்பாவில் அடைப்பது. நிஜ மருந்தின் அதே நிறம், அதே அளவு, உள்ளே வெறும் மாவு. எந்த நோயாளிக்கு எது போகிறது என்று யாருக்கும் தெரியாது. மாவை விழுங்கியவர்களில் பாதிப் பேர் "மருந்து நல்லா கேக்குது" என்று எழுதிக் கொடுப்பார்கள். அதையெல்லாம் படித்துப் படித்து, மனித மனத்தையே கரைத்துக் குடித்துவிட்டதாக அவனுக்கு ஒரு நினைப்பு.

அப்பேர்ப்பட்ட ஞானிக்கு ஒற்றைத் தலைவலி. வந்தால் தராசின் எண்கள் இரண்டிரண்டாகத் தெரியும். இன்னொரு முறை எடை தவறினால் கிடங்குக்கு மாற்றிவிடுவதாக மேற்பார்வையாளர் சொல்லிவிட்டார்.

"தினமும் காலைல உனக்காகப் பிரார்த்தனை பண்றேன்டா. அதான் கொஞ்சம் குறைஞ்சிருக்கு," என்றாள் அக்கா.

"நீ பண்றேன்னு எனக்குத் தெரியும், அதனால குறையுது. தெரியாம பண்ணு, பாப்போம்."

விதிகளை அவனே வகுத்தான். காலையில் அக்கா நாணயம் சுண்டி, விழுந்ததை ஒரு தாளில் குறித்துவைக்க வேண்டும். தலை விழுந்தால் பிரார்த்தனை, பூ விழுந்தால் கூடாது. அவனிடம் மூச்சு விடக் கூடாது. தலைவலி வரும் நாட்களை அவன் தனியாகக் குறித்துக்கொள்வான்.

முப்பது நாள் முடிந்ததும் இரண்டு தாள்களையும் சமையலறை மேசையில் பரப்பினான். பிரார்த்தனை நடந்த பதினாறு நாட்களில் ஒன்பது தலைவலி. நடக்காத பதினான்கில் ஒன்றே ஒன்று.

"பாத்தியா! நீ சும்மா இருந்தப்பதான் நான் நல்லா இருந்திருக்கேன்!"

அக்கா வெங்காயம் நறுக்குவதை நிறுத்தவில்லை. "யாருடா சும்மா இருந்தது? பண்ற அன்னிக்கு அஞ்சு நிமிஷம் கண்ணை மூடுவேன், அதோட உன்னை மறந்துடுவேன். பண்ணக் கூடாத அன்னிக்குத்தான் வம்பு. இவனுக்காக எதுவும் கேட்டுடக் கூடாது, கேட்டுடக் கூடாதுன்னு நாள் பூரா உன் மூஞ்சிதான் கண்ணு முன்னாடி."

மாவில் ஒரு துகள் மருந்து கலந்தாலும் கண்டுபிடித்துவிடுகிற மேதை, பூ விழுந்த நாட்களில் அக்கா கலந்திருப்பாள் என்று யோசிக்கவே இல்லை.

திங்கட்கிழமை புது மருந்துக்கு எடை போட வேண்டும். மேற்பார்வையாளர் பக்கத்திலேயே நிற்பார். தாள்களை மடித்துக்கொண்டே பேச்சை இழுத்தான்.

"அக்கா... திங்கட்கிழமை எனக்காகப் பிரார்த்தனை எதுவும் பண்ணிடாதே."

"உனக்குத்தான் இதுல நம்பிக்கையே இல்லையே?"

"இல்லதான். ஆனா மறந்துகூடப் பண்ணக் கூடாது, என்ன?"

அக்கா கத்தியைக் கீழே வைத்துவிட்டு அவனை ஏற இறங்கப் பார்த்தாள்.

"இப்பவே ஆரம்பிச்சிடுச்சுடா... கேட்டுடக் கூடாது, கேட்டுடக் கூடாதுன்னு," என்றாள்.